விளக்கைப் பார்த்து எழுதியவர்கள்

விளக்கையும் ஒளியையும் பற்றிக் கதையிலும் தத்துவத்திலும் அறிவியலிலும் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றில் எதை முதலில் எடுப்பது என்பது கேள்வி. மூன்று துறைகளையும் சேர்த்துக் கேட்டிருப்பது பொருத்தமே. இந்தப் பொருளில் நல்ல நூல் எழுதியவர்கள் பெரும்பாலும் தத்தம் துறையின் வேலியைத் தாண்டித்தான் எழுதியிருக்கிறார்கள்.

தலைப்பில் விளக்கோ ஒளியோ சுடரோ இருக்கிற நூல்களையெல்லாம் அடுக்கினால் அலமாரி கொள்ளாது. அவற்றுள் பலவற்றில் விளக்கு வெறும் உவமை: அறிவுக்கு ஒரு விளக்கு, நம்பிக்கைக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். அந்த விளக்குகளில் எண்ணெய் தீர்வதில்லை, திரி கருகுவதில்லை, கண்ணாடியில் கரி படிவதில்லை. நான் வைத்திருக்கும் சல்லடை ஒன்றே ஒன்று. எழுதியவர் ஒருமுறையேனும் எரிகிற விளக்கின் முன் உட்கார்ந்து அதையே பார்த்திருக்கிறாரா என்று பார்ப்பேன். இது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் விளக்கைக் கொண்டு மற்றவற்றைப் பார்ப்பதே நம் பழக்கம் என்பதால், அதைத் தாண்டியவர்கள் குறைவு.

அந்தச் சல்லடையில் முதலில் தங்குவது மைக்கேல் ஃபாரடேயின் 'மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு'. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாகச் சிறுவர்களுக்கு அவர் ஆற்றிய ஆறு கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை, வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் நூலாக்கினார். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியபோது, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். அதனால்தானோ என்னவோ, கேட்பவருக்கு எதுவும் முன்பே தெரிந்திருக்கும் என்று அவர் எடுத்துக்கொள்வதே இல்லை. இயற்கையை அறிவதற்கு மெழுகுவர்த்தியைவிட நல்ல வாசல் கிடையாது என்று தொடங்கி, ஆறு நாளும் அந்த வாசலிலேயே நிற்கிறார்.

எரியும் மெழுகுவர்த்தியின் உச்சியில், சுடருக்கு நேர் கீழே, உருகிய மெழுகு ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கிண்ணம் எப்படி வந்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்விகளில் ஒன்று. சுடரின் சூட்டால் காற்று மேலெழுகிறது. மேலெழும் காற்று மெழுகின் பக்கங்களைத் தடவிக்கொண்டு போவதால் விளிம்பு குளிர்ந்து கெட்டியாக நிற்க, நடுப்பகுதி மட்டும் உருகுகிறது. ஆகவே சுடர், தனக்கு வேண்டிய கிண்ணத்தைத் தானே குடைந்துகொள்கிறது. பக்கவாட்டில் பள்ளம் பள்ளமாக வெட்டிய அலங்கார மெழுகுவர்த்திகள் ஒழுகிப் பாழாவதற்கும் இதுவே காரணம்: விளிம்பு ஒரே சீராக இல்லாததால் கிண்ணம் உடைந்துவிடுகிறது. பார்வைக்கு அழகானதைவிட, வேலையைச் செம்மையாகச் செய்வதே நமக்கு நல்லது என்று இந்த இடத்தில் அவர் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். 1782இல் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலிலிருந்து மீட்ட மெழுகுவர்த்தி ஒன்றையும் காட்டுகிறார். பல்லாண்டு உப்புநீரில் கிடந்து வெடித்துப்போயிருந்தும் அது ஏற்றியவுடன் ஒழுங்காக எரிகிறது.

முதல் இரண்டு சொற்பொழிவுகளில் இரண்டு காட்சிகள் உண்டு. அவற்றுக்காகவே இந்த நூலை வாங்கலாம். வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் முனையைச் சுடரின் நடுவிலுள்ள கருமையான பகுதியில் நுழைக்கிறார். அங்கிருக்கும் மெழுகின் ஆவி குழாய் வழியாக வெளியேறுகிறது. மறுமுனையில் நெருப்பு வைத்தால் அங்கே இன்னொரு சுடர் எரிகிறது. எரிவது மெழுகு அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. அடுத்து, மின்விளக்கின் கடும் ஒளியை மெழுகுவர்த்தியின் மீது பாய்ச்சித் திரையில் சுடரின் நிழலை விழச் செய்கிறார். சுடருக்கு நிழல் உண்டா என்று நாம் வியந்துகொண்டிருக்கும்போதே, அந்த நிழலில் மிகக் கருமையாக விழுந்திருப்பது சுடரின் மிகப் பிரகாசமான பகுதிதான் என்று சுட்டிக்காட்டுகிறார். அங்கேதான் எரியாத கரித்துகள்கள் தகதகத்துக்கொண்டிருக்கின்றன. சுடருக்கு வெளிச்சம் தருவதும் அவை, நிழலைத் தருவதும் அவை. ஒளியைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் பாதி இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

கடைசிச் சொற்பொழிவில் மெழுகுவர்த்தி எரிவதையும் நாம் மூச்சுவிடுவதையும் ஒப்பிட்டு, இரண்டிலும் கரியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாவதைக் காட்டிவிட்டு, நீங்களும் மெழுகுவர்த்தியைப் போலச் சுற்றியிருப்போருக்கு ஒளி தாருங்கள் என்று பிள்ளைகளை வாழ்த்துகிறார். நூல் முழுவதிலும் மெழுகுவர்த்தி அறிவுரையாக மாறும் இடம் அது ஒன்றுதான். அத்தனை நாள் அதையே உற்றுப் பார்த்தவருக்கு அந்த ஒரு வரி உரிமையை விட்டுக்கொடுக்கலாம். 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அகிரா யோஷினோ, சிறுவயதில் படித்த இந்த நூலே தம்மை வேதியியலின் பக்கம் திருப்பியதாகச் சொல்லியிருக்கிறார்.

இதே கூர்மையான பார்வை நமக்கு வெகு அருகிலும் கிடைக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான 'நெடுநல்வாடை'யின் இறுதிப் பகுதியில், போர்ப் பாசறையில் நள்ளிரவில் அரசன் புண்பட்ட வீரரைப் பார்க்க வெளியே வருகிறான். அப்போது நக்கீரர் விளக்குகளைப் பார்க்கிறார்: 'வடந்தைத் தண்வளி எறிதொறும் நுடங்கித், தெற்கேர்பு இறைஞ்சிய தலைய நன்பல், பாண்டில் விளக்கின் பரூஉச்சுடர் அழல'. வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் சுடர்களின் தலை தெற்கே சாய்கிறது. காற்றின் திசையைச் சுடரின் சாய்வில் சொல்லிவிடும் இந்த வரி, பாட்டின் பெயரிலேயே இருக்கிற வாடையைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. இதே பாட்டில் முன்னர் வருகிற அரண்மனைக் காட்சியில், யவனர் செய்த பாவையின் கையிலுள்ள அகலில் நெய் சொரிந்து, சுடர் மங்கும்போதெல்லாம் தூண்டிவிடுகிறார்கள். 'முல்லைப்பாட்டு' பாசறையில் வைத்த விளக்குகள் அணையும்தோறும் மீண்டும் கொளுத்தும் பெண்களைக் காட்டுகிறது. விளக்கு தானாக எரியாது, யாரோ ஒருவர் தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்தப் புலவர்கள் மறப்பதே இல்லை.

திருக்குறளில் விளக்கு உவமையாகத்தான் வருகிறது. ஆனால் 'குடியென்னும் குன்றா விளக்கம் மடியென்னும் மாசூர மாய்ந்து கெடும்' என்ற குறளில், விளக்கைக் கெடுப்பது காற்றும் அல்ல, எண்ணெய் தீர்வதும் அல்ல; மெல்ல ஊர்ந்து படிகிற மாசு. சோம்பலுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையைத் தேடுவது வீண். விளக்கு அணையும் நேரத்துக்காகக் காத்திருக்கும் இருளைச் சொல்லும் 'விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல்' என்பதும் அப்படித்தான்.

ஒளியின் இயல்பை ஆராய்ந்த நூல்களுக்கு வருவோம். இப்னு அல்-ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு மொழியில் எழுதிய 'கிதாப் அல்-மனாஸிர்' என்ற ஒளியியல் நூல் ஏழு பகுதிகள் கொண்டது. முழுவதையும் படிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் முதற்பகுதியில் வரும் விளக்குச் சோதனை ஒன்றைத் தவறவிடக் கூடாது. ஓர் இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே, வெளியே வெவ்வேறு இடங்களில் பல விளக்குகளை வைத்தால், உள்ளே சுவரில் அத்தனை ஒளித்திட்டுகள் தனித்தனியே விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான திட்டு மட்டும் மறைகிறது. மறைப்பை எடுத்தால் திரும்பி வருகிறது. எல்லா ஒளியும் ஒரே துளைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தும், ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்ற பழைய எண்ணத்தை மறுத்து, ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியவர் அவர். அதற்கு விளக்கும் ஒரு துளையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நூலின் முதல் மூன்று பகுதிகளை ஏ. ஐ. சப்ரா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான விளக்கவுரையுடன் 1989இல் வெளியிட்டார்.

நியூட்டனின் 'ஒளியியல்' 1704இல் வந்தது. அவருடைய முந்தைய நூலான 'பிரின்சிப்பியா'வைப் போல லத்தீனில் இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால், கணக்கு தெரியாதவரும் முப்பட்டகச் சோதனைகளைப் பின்தொடரலாம். நூலின் இறுதியிலுள்ள வினாக்களில், விடை தெரியாத நியூட்டனைப் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. ஒளி அலை என்று வாதிட்ட ஹைகன்ஸின் நூல் 1690இல் வெளியானது. அது வரலாற்று ஆர்வலர்களுக்கு மட்டும்.

நான் அதிகம் பரிந்துரைப்பது நெதர்லாந்தில் வாழ்ந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட் எழுதிய, திறந்தவெளியில் ஒளியும் நிறமும் பற்றிய நூலை. அதன் டச்சு மூலம் 1937இல் வரத் தொடங்கியது. மரத்தடியில் சிதறிக் கிடக்கும் வெயில் திட்டுகளை எடுத்துக்கொள்கிறார். இலைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தும் திட்டுகள் ஏன் நீள்வட்டமாக இருக்கின்றன? அவை ஒவ்வொன்றும் சூரியனின் உருவம் என்பதால்தான். சூரிய கிரகணத்தன்று அவை எல்லாமே பிறை வடிவமாகிவிடும். இரவில் நீர்நிலையின் மறுகரையில் எரியும் ஒரு விளக்கு, நீரில் புள்ளியாகத் தெரியாமல் நம்மை நோக்கி நீண்ட ஒளித்தூணாகத் தெரிவது ஏன் என்பதற்கும் அங்கே விளக்கம் உண்டு. அலைகளின் எண்ணற்ற சரிவுகளில் எவையெல்லாம் சரியான கோணத்தில் சாய்கின்றனவோ அவையெல்லாம் விளக்கை நமக்குக் காட்டுகின்றன. அத்தகைய சரிவுகள் நம் பார்வைக்கோட்டின் நீளவாட்டில்தான் அதிக தூரம் பரவிக் கிடக்கின்றன. இந்த நூலைப் படித்தவருக்கு மாலை நடை பழையபடி இருக்காது.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் 'க்யூஇடி: ஒளியும் பருப்பொருளும் பற்றிய விசித்திரக் கோட்பாடு' (1985) பொதுமக்களுக்கு ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளின் தொகுப்பு. பகலில் அறையிலிருந்து ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும்போது, அறைக்குள் எரியும் விளக்கும் அதே கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறதே, அந்த எளிய காட்சியில் தொடங்குகிறார். கண்ணாடியின் ஒரு பரப்பில் நூறு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், விழுந்தால் சராசரியாக நான்கு திரும்பி வருகின்றன. எந்த நான்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பின்பக்கப் பரப்பையும் கணக்கில் சேர்த்தால், கண்ணாடியின் தடிமனைப் பொறுத்து அந்த எண்ணிக்கை 0 முதல் 16 வரை ஏறி இறங்குகிறது. முதல் சொற்பொழிவை நிதானமாகப் படித்தால் மற்றவை கைக்குள் வந்துவிடும். நான்காவது மட்டும் சற்று இறுகிப்போயிருக்கும்.

ஆர்தர் ஸாயன்ஸ் எழுதிய 'ஒளியைப் பிடித்தல்' (1993) அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் இடையில் நிற்கும் நூல். அதில் ஒரு பெட்டி வருகிறது. பெட்டிக்குள் கடும் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஆனால் அந்த ஒளி உள்ளே எந்தப் பொருளின் மீதும் படாதபடி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். துளை வழியாகப் பார்த்தால் உள்ளே முழு இருட்டு. ஒரு குச்சியை உள்ளே நீட்டினால் அதன் ஒரு பக்கம் பளிச்சென்று ஒளிர்கிறது. ஒளி நிறைந்த வெளியும் இருட்டாகத்தான் தெரியும் என்பதைக் கண்ணால் கண்டபின், 'ஒளியைப் பார்க்கிறேன்' என்று சொல்லவே நாக்கு தயங்குகிறது. பிற்பகுதியில் நூலாசிரியரின் ஆன்மிகச் சார்பு மேலோங்குகிறது; அதை ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் விருப்பம்.

தத்துவம் என்றதும் பிளேட்டோவின் 'குடியரசு' ஏழாம் பகுதியிலுள்ள குகை நினைவுக்கு வரும். கைதிகளின் முதுகுப்புறம் நெருப்பு எரிகிறது, எதிர்ச்சுவரில் நிழல்கள் ஆடுகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரே ஒரு நெருடல்: அந்த நெருப்புக்கு விறகு போடுகிறவர் யார்? பொம்மைகளைச் சுமந்து செல்பவர்கள் கதையில் உண்டு, நெருப்பைக் காப்பவர் இல்லை. மாறாக, இமாம் கஸ்ஸாலியின் 'மிஷ்காத்துல் அன்வார்' திருக்குர்ஆனின் ஒளி வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது மாடம், கண்ணாடி, விளக்கு, மரம், எண்ணெய் என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே எடுத்து, மனிதரின் ஐந்து அறிவாற்றல்களோடு பொருத்துகிறது. அப்பர் 'உடம்பெனும் மனையகத்து உள்ளமே தகளியாக' என்று உள்ளத்தை அகலாக்கித் தொடங்கி, உணர்வை நெய்யாகவும் உயிரைத் திரியாகவும் ஞானத்தைத் தீயாகவும் அடுக்குவதும் அதே வழியில்தான். உவமைதான் என்றாலும், விளக்கு ஏற்றத் தெரிந்தவர்கள் செய்த உவமை.

ஆனால் தத்துவத்தில் விளக்கை உண்மையிலேயே குறுக்கு விசாரணை செய்தவர்கள் பௌத்தர்கள். பாலி மொழி நூலான 'மிலிந்த பஞ்ஹா'வில் அரசர் மிலிந்தரிடம் நாகசேனர் கேட்கிறார்: ஒருவர் ஏற்றிய விளக்கு இரவு முழுவதும் எரிகிறது, முதல் யாமத்தில் எரிந்த சுடரும் நடு யாமத்தில் எரிகிற சுடரும் ஒன்றா? இல்லை என்கிறார் அரசர். அப்படியானால் யாமத்துக்கு ஒரு விளக்கா? அதுவும் இல்லை. பிறந்தபோது இருந்தவரும் இன்று இருப்பவரும் ஒருவரா, வேறா என்ற கேள்விக்கு இதுவே விடை என்று நாகசேனர் முடிக்கிறார். ஃபாரடே குழாயில் பிடித்துக் காட்டிய ஆவி ஒவ்வொரு கணமும் புதிது என்பதை நினைத்துக்கொண்டு இந்த உரையாடலைப் படித்துப் பாருங்கள்.

நாகார்ஜுனர் இன்னும் கறாரானவர். காட்சி, அனுமானம் போன்ற அறியும் கருவிகள் மற்றவற்றை நிறுவுவதோடு தம்மையும் நிறுவிக்கொள்ளும், நெருப்பு மற்றவற்றைக் காட்டுவதோடு தன்னையும் காட்டிக்கொள்வதைப் போல என்று எதிரி வாதிடுகிறார். தர்க்க நூலான நியாய சூத்திரத்திலும் விளக்கொளியைச் சான்றுக்கு இழுக்கும் இதே போக்கு உண்டு. தம் நூலான 'விக்ரக வியாவர்த்தனி'யில் நாகார்ஜுனர் அந்த உவமையையே பிய்த்துப்போடுகிறார். இருட்டில் இருந்த பானை வெளிச்சம் வந்ததும் தெரிகிறது. அதுபோல முன்பு தெரியாமல் இருந்து பின்பு தெரியவந்த நெருப்பை யாராவது பார்த்ததுண்டா? நெருப்பு தன்னையும் காட்டும் என்றால் தன்னையும் எரிக்க வேண்டுமே? இருளைத் தொடாமலேயே அதை நெருப்பு அழிக்குமென்றால், இங்கே ஏற்றிய நெருப்பு எல்லா உலகங்களிலுமுள்ள இருளையும் அழித்திருக்க வேண்டுமே? ஒளி விரைந்து பயணம் செய்கிறது என்று இன்று நாம் அந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். முதல் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழ் அணியிலக்கணத்தில் 'தீவகம்' என்று ஓர் அணி உண்டு. தீவகம் என்றால் விளக்கு. ஓரிடத்தில் வைத்த விளக்கு அறையிலுள்ள பல பொருள்களுக்கும் ஒளி தருவதைப் போல, செய்யுளில் ஓரிடத்தில் நின்ற சொல் பல இடங்களுக்கும் சென்று பொருள் தருவது அது. தண்டியலங்காரம் காட்டும் பாட்டில் 'சேந்தன' என்ற ஒரு சொல் முதலில் நின்று, அரசனின் கண் சிவந்தது, பகைவர் தோள் சிவந்தது, திசைகள் சிவந்தன, அம்புகள் சிவந்தன, பறவைகளும் சிவந்தன என்று எங்கும் போய் ஒட்டுகிறது. இலக்கணத்துக்கே விளக்கைக் கொண்டுவந்தவர்களைத் தத்துவ வரிசையிலிருந்து விலக்க எனக்கு மனமில்லை.

காஸ்டன் பாஷலாரின் 'மெழுகுவர்த்தியின் சுடர்' 1961இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அஞ்சல் துறையில் வேலை பார்த்து, பின்னர் இயற்பியலும் வேதியியலும் கற்பித்து, அறிவியல் தத்துவத்தில் பெயர் பெற்றவர், கடைசியில் தனிமையில் சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கனவுகளைப் பற்றி எழுதினார். வாதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நேராக நிற்கும் சுடர், அதன் எதிரே ஓர் ஆள், ஒரு வெள்ளைத்தாள். எண்ணெயிலிருந்து ஒளியை உண்டாக்கிய உயிருள்ள விளக்கு தந்த கனவுகளை மின்பல்பு ஒருபோதும் தராது என்கிறார். ஒரே அமர்வில் படித்தால் திகட்டும். ஒவ்வோர் இரவும் நாலைந்து பக்கம் என்றால் பொருந்தும்.

ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிஸாகி 1933இல் எழுதத் தொடங்கிய 'நிழல்களின் புகழ்' என்ற கட்டுரை, ஒளியை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. வீடு கட்டும்போது மின்கம்பிகளை எங்கே ஒளித்துவைப்பது என்ற எரிச்சலில் தொடங்கி, கியோட்டோவின் ஓர் உணவகத்துக்கு வருகிறார். மெழுகுவர்த்திக்குப் பேர்போன அந்த இடத்தில் மின்விளக்கு வந்துவிட்டது. இவர் கேட்டு மெழுகுவர்த்தியை வரவழைக்கிறார். அந்த மங்கிய, அசைகிற வெளிச்சத்தில்தான் அரக்குப் பாத்திரங்களின் கருமைக்கு ஆழம் வருகிறது என்பது அவருக்குப் புரிகிறது. அந்தப் பாத்திரங்களைச் செய்தவர்கள் அந்த வெளிச்சத்தை மனத்தில் வைத்தே செய்திருக்கிறார்கள். பளிச்சென்ற வெளிச்சத்தில் பகட்டாகத் தெரியும் பொன்வேலைப்பாடு இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு பொருளைச் சரியாகப் பார்க்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைப் போலவே எவ்வளவு இருள் வேண்டும் என்பதும் கேள்விதான் என்று இந்தக் கட்டுரை எனக்குக் கற்றுக்கொடுத்தது. தோல் நிறத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி இன்று படிக்கச் சங்கடமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டேன், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று தெரியும் என்று பெருமையோடு வந்த கட்டடக் கலைஞரிடம் தனிஸாகி, அப்படிப்பட்ட வீட்டில் என்னால் வாழவே முடியாது என்றாராம்.

வரலாற்று நூல்களில் ஒன்று போதும்: வுல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1983இல் ஜெர்மனில் எழுதி, 'மாயம் கலைந்த இரவு' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்த நூல். 1780களில் ஆர்கண்ட் என்பவர் திரியைக் குழல்போல ஆக்கி, உள்ளும் புறமும் காற்றுப் போகச் செய்து, மேலே கண்ணாடிச் சிம்னியை வைத்ததிலிருந்து எரிவாயு, மின்சாரம் வரை தொடர்கிறது. எரிவாயு விளக்கு வந்தபோது வெளிச்சம் மட்டும் மாறவில்லை, வீடே ஒரு தொழிற்சாலைக் குழாயின் கடைசி முனையாகிவிட்டது என்று அவர் காட்டுவது கூர்மையானது. பாரிஸ் கிளர்ச்சிகளில் தெருவிளக்குகளை உடைத்தது வெறும் குறும்பு அல்ல, அரசின் கண்ணைக் குத்தும் செயல் என்ற அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள்.

கதைகளில் அலாவுதீனைச் சொல்லாமல் விட முடியாது. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் காலான் தம் 'ஆயிரத்தொரு இரவுகள்' மொழிபெயர்ப்பில் சேர்த்த கதை அது. குகைக்குள் அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மந்திரவாதி சிறுவனுக்குச் சொல்லும் கட்டளை, அதை அணைத்து, திரியை எறிந்து, உள்ளிருக்கும் எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கொண்டுவா என்பதுதான். உலகின் மிகப் புகழ்பெற்ற விளக்கு அதன்பின் விளக்காக இருப்பதே இல்லை. அந்தோனி டோரின் 'நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியெல்லாம்' (2014) நல்ல நாவல். அதன் தலைப்பிலுள்ள ஒளி வானொலி அலைகளைக் குறிப்பதால் என் சல்லடையில் தங்கவில்லை.

ஆண்டர்சனின் 'பழைய தெருவிளக்கு' (1847) தங்குகிறது. ஓய்வு பெறும் இரவில் அந்த விளக்குக்கு ஒரு வரம் கிடைக்கிறது: தன் நினைவில் உள்ளவற்றை எல்லாம் தனக்குப் பிரியமானவர்களுக்கும் காட்ட முடியும், ஆனால் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால் மட்டும். அதைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளும் வயதான காவலரும் மனைவியும் அன்போடு துடைத்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். மெழுகுவர்த்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கலங்கரை விளக்கங்கள் கட்டிய குடும்பத்தில் பிறந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய 'லாந்தர் சுமப்பவர்கள்' என்ற 1888ஆம் ஆண்டுக் கட்டுரை கதையைவிடச் சுவையானது. சிறுவர்கள் தகர லாந்தரை இடுப்பில் கட்டி, மேலே கோட்டைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு இருட்டில் நடக்கிறார்கள். சூடான தகரத்தின் நாற்றம், விரலில் சூடு. வெளிச்சம் யாருக்கும் தெரியாது. கோட்டுக்குள் ஒரு விளக்கு எரிகிறது என்ற அறிவே அவர்களுக்குப் பேரின்பம்.

'குட்டி இளவரச'னில் (1943) வரும் விளக்கேற்றுபவர் எல்லோருக்கும் தெரிந்தவர். அவருடைய கோள் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றத் தொடங்கிவிட்டது, கட்டளை மட்டும் மாறவில்லை. ரால்ஃப் எலிசனின் 'கட்புலனாகாத மனிதன்' (1952) நாவலில் கறுப்பின நாயகன் நிலவறையில் மின்நிறுவனத்துக்குத் தெரியாமல் 1,369 பல்புகளை எரிக்கிறான். உலகம் தன்னைப் பார்க்க மறுப்பதால், தன் உருவத்தைத் தனக்கே நிரூபிக்க அவனுக்கு அத்தனை வெளிச்சம் தேவைப்படுகிறது. வர்ஜீனியா வுல்ஃபின் 'கலங்கரை விளக்கத்தை நோக்கி' (1927) நாவலில் தலைப்பிலுள்ள விளக்கைவிட, இரவு உணவு மேசையில் மெழுகுவர்த்திகளை ஏற்றியதும் தனித்தனியே இருந்த முகங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்துகொள்ளும் அந்த ஒரு பக்கத்தையே நான் திரும்பத் திரும்ப எடுப்பேன்.

காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'பொம்மை வீடு' (1922) பத்துப் பதினைந்து பக்கக் கதை. பணக்காரக் குழந்தைகளுக்குப் பரிசாக வந்த பொம்மை வீட்டில் கட்டில், நாற்காலி, கம்பளம் எல்லாம் இருக்கின்றன. கெஸியா என்ற சிறுமிக்கு மட்டும் சாப்பாட்டு மேசையின் நடுவிலுள்ள குட்டி விளக்கே பிடித்திருக்கிறது. அதை ஏற்ற முடியாது. ஆனாலும் ஆட்டிப் பார்த்தால் உள்ளே எண்ணெய்போல ஏதோ அசைகிறது. விறைத்துக் கிடக்கும் அப்பா அம்மா பொம்மைகள் அந்த வீட்டுக்குச் சொந்தமானவைபோல் இல்லை, விளக்கு மட்டும் நிஜம் என்று அவளுக்குத் தோன்றுகிறது. சலவைத்தொழிலாளியின் மகள்கள் என்று ஊரே ஒதுக்கிவைத்த இரு சிறுமிகளை அவள் யாருக்கும் தெரியாமல் அழைத்துக் காட்டுகிறாள். பெரியவர்கள் பார்த்து அவர்களைக் கோழியை விரட்டுவதுபோல் விரட்டிவிடுகிறார்கள். அதன்பின் அந்த இருவரில் இளையவள், கதை முழுவதும் வாயே திறக்காதவள், அந்தக் குட்டி விளக்கைத் தான் பார்த்துவிட்டதாக அக்காவிடம் சொல்கிறாள்.

எடுக்க வேண்டிய வரிசையைக் கேட்டால், முதலில் இந்தக் கதை, அடுத்து ஃபாரடேயின் முதல் இரண்டு சொற்பொழிவுகள், அதன்பின் தனிஸாகி. மின்னார்டை வரிசையில் வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது புரட்டலாம். நாகார்ஜுனரை நல்ல உரையோடு, அவசரமில்லாத ஒரு வாரத்துக்கு ஒதுக்கலாம். ஃபாரடேயைப் படிக்கும்போது ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அருகில் இருக்கட்டும். சுடரை மெதுவாக ஊதி அணைத்ததும் திரியிலிருந்து எழும் வெண்புகைதான் எரியாமல் தப்பிய ஆவி. எரிகிற குச்சியை அந்தப் புகையில், திரிக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே காட்டினால், நெருப்பு புகை வழியே கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். காற்று அசையாத அறையாக இருக்க வேண்டும். குச்சியை முன்பே கொளுத்தி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தப் புகை நின்றுபோக அதிக நேரம் ஆகாது.